நெருப்பு புக்கும் நல்லூர் அம்பாசடரும்

டிங்கரிங் பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்களில் இரண்டு வகை உண்டு: எங்காவது இடித்துவிட்டு வருகிறவர்கள், எதையாவது பார்த்துவிட்டு வருகிறவர்கள். இடித்துவிட்டு வந்தால் பிரச்சினை இல்லை. தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் தீர்ந்தது. பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் மருந்தே கிடையாது.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டை ஒட்டி எங்கள் பட்டறை. என் வீட்டுக்காரர் பாஸ்கர் தகரம் தட்டுவார், வெல்டிங் வைப்பார். பெயின்ட் என் பொறுப்பு. சொந்தமாகப் பட்டறை வைத்து அவதிப்படுகிறவர்களும், "நாளைக்கு வாங்க சார், ரெடியா இருக்கும்" என்ற சொல்லை நம்பி வண்டியை விட்டுவிட்டுப் போனவர்களும் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஓர் அமெரிக்கப் புத்தகத்தை நம்பி, நல்லூர் மாணிக்கம் அண்ணனின் அம்பாசடர் காரை நாங்கள் காயலான் கடை வாசல்வரை கொண்டுபோன கதை இது. நடுவில் வேறு சிலரும் வருவார்கள். எல்லாரும் அதே புத்தகத்தால் கெட்டுப்போனவர்கள்தான்.

பேக்கிங் பொதியில் வந்தது

கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் நான் ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் இருந்தேன். பொம்மைகளை வெளியூருக்கு அனுப்பும்போது பழைய பேப்பரைச் சுற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவார்கள். அந்தப் பேப்பர் பொதி பொதியாக வரும். பெரும்பாலும் கப்பலில் வந்த வெளிநாட்டுப் பேப்பர். ஒருநாள் பேக்கிங்கில் இருந்த மேரி அக்கா ஒரு பொதியைப் பிரித்தார். கட்டுக்கட்டாகக் கார் புத்தகங்கள் சரிந்து விழுந்தன.

ஒரு புத்தகத்தின் அட்டையில் மூக்கிலிருந்து கதவு வரைக்கும் தீப்பிடித்து எரிகிற ஒரு கார். கிட்டப் போய்ப் பார்த்தால் தீ இல்லை, பெயின்ட். அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அதே கூத்து. நாம் பழைய இரும்புக்குப் போடுகிற மாதிரி காரை அவர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். பானெட்டைக் கழற்றி எறிகிறார்கள். லாரிக்குப் போதுமான எஞ்சினை உள்ளே திணிக்கிறார்கள். கூரையை வெட்டித் தாழ்த்தி, தரையோடு தரையாக இறக்கி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மாதிரி காருக்கு ஹாட் ராட் என்று பெயராம். சில பக்கங்களில் பென்சிலால் டிக் போட்டிருந்தது. சிலவற்றில் கிரீஸ் கைரேகை. யாரோ ஒரு மனிதர், என் வீட்டுக்காரரைப் போலவே, கையைத் துடைக்காமல் புத்தகத்தைத் தொட்டிருக்கிறார். அந்தக் கைரேகையைப் பார்த்ததும் எனக்குப் புத்தகத்தின் மேல் பாசமே வந்துவிட்டது. நாலைந்தை அள்ளி மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"எடுத்துட்டுப் போம்மா, வெறும் பேப்பருதான். ஆனா இந்தப் பொம்மைங்க காலையிலேருந்து கண்ணு தெரியாம உக்காந்திருக்குது. அதுங்களுக்குக் கண்ண வெச்சிட்டு நீ படம் பாரு."

கேஸ் ஆட்டோ

வேலையை விட்டுவிட்டு நான் பட்டறைக்கே வந்ததும் புத்தகங்களும் கூட வந்தன. காத்திருக்கும் கஸ்டமர் புரட்டட்டும் என்று பெஞ்சில் போட்டு வைத்தோம். அதுதான் வினை. ஊரில் அதற்கு 'நெருப்பு புக்கு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். டிங்கரிங் வேலையே இல்லாதவர்கள்கூட டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து புரட்டுவார்கள்.

முதலில் மாட்டியவர் ஒரு லோடு ஆட்டோ டிரைவர். அட்டையைக் காட்டி, "அக்கா, இதே நெருப்பு, இதே மஞ்சள்" என்றார். எனக்கும் கை துறுதுறுவென்று இருந்தது. முன்னால் மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சாகி, பின்பக்கம் சிவப்பில் நாக்கு நாக்காக நீளும்படி அடித்துக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் போனால் சுடும் என்று தோன்றும். அவர் அந்த ஆட்டோவில் என்ன ஏற்றுகிறார் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. மறுநாள் காலையில் வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போட அந்த ஆட்டோ கிளம்பியது. தெருவில் யாரும் கிட்ட வரவில்லை. மத்தியானம் ஏஜென்சிக்காரரே நேரில் வந்தார். கோபமாக வந்தவர் ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குதும்மா, இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள சிலிண்டரு, வெளிய நெருப்பு. வாங்கறவங்க பயப்படாம என்னா பண்ணுவாங்க?"

கோடு

நெருப்பைவிடக் கஷ்டம் கோடுதான். அந்தப் புத்தகத்துக் கார்களில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடும். எங்கும் தடிக்காது, எங்கும் நடுங்காது. எனக்கென்ன பயம், யூனிட்டில் எத்தனை டீ கப்புக்கு விளிம்புக் கோடு போட்டிருக்கிறேன் என்று பிரஷ்ஷை எடுத்தேன். முதல் கோடு எங்கள் ஊர் மணிமுக்தாறு மாதிரி வளைந்து வளைந்து போனது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. கப்புக்குக் கோடு போடும்போது கப்பைச் சின்னச் சக்கரத்தின் மேல் வைத்துச் சுற்றிவிடுவோம். பிரஷ் அசையாமல் நிற்கும், கப் சுற்றும். இங்கே கார் நிற்கிறது, நான் நடக்க வேண்டியிருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து பழகவே எனக்குப் பல நாள் ஆனது. அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப அக்கறையாக ஒரு யோசனை சொன்னார்.

"நீ நில்லு கலை, நகராத. நான் வேணா வண்டிய ஜாக்கி மேல வெச்சு சுத்தி விடறேன்."

வேகத்தடை

அடுத்து ஒரு காலேஜ் வாத்தியார். அவருக்கு நெருப்பும் வேண்டாம், கோடும் வேண்டாம். கார் தரையோடு இருக்க வேண்டும். "நம்ம ரோட்டுக்கு ஆகாது சார்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். வாத்தியார் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, இவரைப் பெயிலான பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார். சரி என்று ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிக் கொடுத்தோம். சாயங்காலம் போன் வந்தது. ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் நிற்கிறாராம்.

போய்ப் பார்த்தால், வேகத்தடையின் மேல் கார் வயிற்றை வைத்துப் படுத்திருக்கிறது. முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாத்தியார் பஸ் வந்துவிடப் போகிறதே என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லுக்கட்டோடு வந்த ஓர் அம்மா கட்டை இறக்கி வைத்துவிட்டு ஆற அமர விசாரித்தார்.

"வந்த நேரத்துலேருந்து பாக்கறேன், எந்திரிக்கவே மாட்டேங்குதே. அடை காக்குதா சார்?"

மாணிக்கம் அண்ணன்

மாணிக்கம் அண்ணன் நல்லூரில் பந்தல், சேர், மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கூடவே ஒரு வெள்ளை அம்பாசடர். ஒரு காலத்தில் சுற்றுப்பட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் அந்தக் கார்தான். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அது வரும்போது மேளக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். இப்போது எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்ட புது வண்டி கேட்கிறார்கள். அம்பாசடர் ஷெட்டில் நின்றது. கோழி உள்ளே போய் முட்டை வைத்தது.

அவர் மனைவி அஞ்சலை அண்ணி பேச்சை வளர்க்கிறவர் இல்லை. ஒரே தீர்ப்பு. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அந்த வண்டி ஒரு கல்யாணத்துக்காவது போக வேண்டும். இல்லாவிட்டால் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு அண்ணியே சாவியைக் கொடுத்துவிடுவார். ஷெட்டில் பந்தல் கம்பி அடுக்க இடம் வேண்டுமாம். அண்ணன் இதைச் சொல்லும்போது சிரித்தார். ஆனால் கை பெஞ்சில் கிடந்த புத்தகத்தைச் சும்மா சும்மா புரட்டியது. ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது. கூரையை வெட்டித் தாழ்த்திய ஒரு கறுப்புக் கார். எப்படி வெட்டுவது என்று வரிசையாகப் படங்கள்: கோடு கிழிக்கிறார்கள், அறுக்கிறார்கள், நாலு பேர் கூரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அண்ணனின் கண் விரிந்தது. என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை.

"இதான் மாப்ள. இப்பிடிப் பதுங்கணும் நம்ம வண்டி. பாக்கறவன் தானா ரெண்டடி தள்ளி நிக்கணும்."

நாலு பேர் சிரித்த படம்

அந்தச் சமயம் பார்த்து நான் திட்டக்குடிக்கு, தம்பி குழந்தையின் காது குத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பட்டறை நடுவில் அம்பாசடர் மொட்டையாக நின்றது. கூரை ஓரமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. கூரையைத் தாங்கும் தூண்களிலிருந்து அறுத்த துண்டுகளை அன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் போட்டு டீ குடித்தாயிற்று. தாழ்த்திய கூரையைத் தூக்கி வைத்தால், பின்னால் சேர்ந்தது, முன்னால் சேரவில்லை. முன்னால் சேர்த்தால் பின்னால் வாயைப் பிளந்தது. காரின் தூண்கள் சாய்ந்திருக்கும், நேராக இறக்கினால் ஒன்றோடொன்று பொருந்தாது என்பது பாவம் என் வீட்டுக்காரருக்குத் தோன்றவே இல்லை.

நான் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லாம் விளக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசிப் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: கூரையைத் திரும்பப் பொருத்துவது எப்படி என்பது அடுத்த மாத இதழில். போனில் வீடியோ பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. பார்த்தோம். அந்த வீடியோக்காரர் அதே மாதிரி இன்னொரு காரின் கூரையையும் வெட்டி, இரண்டையும் சேர்த்து ஒட்டுகிறார். இன்னொரு அம்பாசடருக்கு நாங்கள் எங்கே போவது? ஆவணியோ வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கூரை பக்கத்திலேயே குந்திவிட்டார். அத்தனை சோகமாக அவரை நான் பார்த்ததில்லை. எனக்கோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சிரிப்பு அடக்க முடியவில்லை.

"படத்துல எல்லாம் இருக்குதேன்னு நெனச்சேன் கலை. கடைசிப் படத்துல நாலு பேரும் சிரிச்சிட்டிருந்தானுங்க."

பொம்மை கட்டிய பேப்பர்

மாணிக்கம் அண்ணன் வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே வானத்தை அண்ணாந்து பார்த்தார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம். என் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அடுத்த மாத இதழ் எங்கள் பெஞ்சில் இல்லை. ஆனால் அதே பொதியில் வந்திருக்கும் அல்லவா? மேரி அக்காவைப் பிடித்தோம். பொதியில் மிஞ்சியதெல்லாம் அப்போதே பொம்மைகளைச் சுற்றி ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய்விட்டது, கோயில் பக்கத்துப் பொம்மைக்கடையில் சரக்கு லேசில் நகராது, இன்னும் பிரிக்காமல்கூட இருக்கும் என்றார். அண்ணனும் நாங்களும் பஸ் ஏறினோம். கடைக்கார அம்மாவின் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தோம். பிள்ளையாரைச் சுற்றி டயர் விளம்பரம். கிளியைச் சுற்றி ஏதோ கேக் செய்முறை. தலையாட்டிப் பொம்மையைச் சுற்றி, கடைசியில், நாங்கள் தேடிய அதே கறுப்புக் கார். ஒரே ஒரு பக்கம்தான். பொருத்திய விதம் இல்லை, பொருத்தி முடித்த காரின் படம் மட்டும் இருந்தது. கடை முழுக்கப் பொம்மைகள் அம்மணமாக நிற்க, அந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்மை வாங்க வரவங்கள தெனம் பாக்கறேன். பொம்மைய வெச்சிட்டு, சுத்தின பேப்பர வாங்கிட்டுப் போறவங்க நீங்கதாம்மா மொத ஆளு."

டயர் மாலை

பஸ்ஸில் அண்ணன் அந்தப் படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தார். காருக்குள் அதன் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். கழுத்தை உள்ளே இழுத்து, முழங்கால் தாடையில் இடிக்க, தலை கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏன் தங்கச்சி, இதுல தலைப்பாகை எங்க வைக்கறது?" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கல்யாண மாப்பிள்ளைக்குத் தலையில் ஒரு முழத் தலைப்பாகை, கழுத்தில் ஆளை மறைக்கிற மாலை. புது வண்டிகளில்கூடத் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் அதுவும் வெளியே தெரிவதில்லை. பஸ் விருத்தாசலம் வருவதற்குள் மூன்று பேரும் கத்திக் கத்திப் பேசி முடிவு பண்ணிவிட்டோம். கூரையைத் தாழ்த்த வேண்டியதில்லை. உயர்த்தலாம். தூணுக்குப் பந்தல் குழாய். அது அண்ணனிடம் ஷெட் நிறையக் கிடக்கிறது.

எவ்வளவு உயர்த்துவது என்று அளவெடுக்க வேண்டுமே. அண்ணன் துண்டைப் பெரிய தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாலைக்குப் பதில் ஒரு ஸ்கூட்டர் டயரைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் கூரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, அண்ணன் "இன்னும் மேல, இன்னும் மேல" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர் கிளாஸை வைக்க மறந்து நின்றார்.

"என்னாண்ணே, டயர மாலையா போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பொண்ணு எந்தப் பட்டறை?"

முதல் முகூர்த்தம்

குழாயை லேசாக வளைத்து என் வீட்டுக்காரர் பற்றவைத்தார். பக்கங்களுக்குக் கண்ணாடி கிடையாது, எல்லாம் திறந்த ஜன்னல். முன்கண்ணாடிக்கு மேலே விழுந்த இடைவெளியில் தகரம் வைத்து மூடினோம். அந்தத் தகரத்தில் நான் நெருப்பு போடவில்லை, கேஸ் ஆட்டோவே போதும். பொம்மைப் புடவைகளுக்குப் போடுகிற கொடியும் பூவும் போட்டு, மூக்கிலிருந்து வால் வரைக்கும் சிவப்பில் ஒரு கோடு இழுத்தேன். இப்படி மாற்றிய வண்டியை மெயின் ரோட்டில் விடக் கூடாது என்று தெரியும். லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு நல்லூருக்கு அனுப்பினோம். ஊருக்குள்ளே கோயிலிலிருந்து பந்தல் வரைக்கும், மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போனால் போதும்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அண்ணன் பந்தல் போட்ட வீட்டிலேயே கெஞ்சிக் கேட்டு மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியைக் கொடுத்தார். தார்ப்பாயை எடுத்ததும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மாப்பிள்ளை நல்ல உயரம். தலைப்பாகையோடு, மாலையோடு, குனியாமல் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், சிரிப்பு விசிலாக மாறியது. மாடியில் நின்றவர்களுக்கும் மாப்பிள்ளை தெரிந்தார், தெருக்கோடியில் நின்றவர்களுக்கும் தெரிந்தார். மாப்பிள்ளையின் அம்மா வண்டியோடு கூடவே நடந்தார், பிள்ளை முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பந்தலுக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னும் இரண்டு வீட்டார் அண்ணனைத் தனியாக அழைத்துத் தேதி சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளை இறங்கிப் போனதும் அஞ்சலை அண்ணி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கூரையைத் தட்டிப் பார்த்தார். என் கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசிவரை நடந்தார். அண்ணன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபடி, பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கொண்டையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டார். வண்டியை ஷெட்டில் விட வேண்டும், இறங்கு என்றார் அண்ணன். அண்ணி அசையவில்லை.

"ஊர்க் கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் ஏறின வண்டி. நான் எப்பவும் சேர் ஏத்தின டெம்போலதான் பின்னாடி வந்திருக்கேன். எறங்க மாட்டேன். கோயில் வரைக்கும் போ, மெதுவா போ, எல்லாரும் பாக்கட்டும்."

ஆக, ஓர் அமெரிக்கப் புத்தகத்தைப் பாதி படித்து மீதியைப் பந்தல் குழாயில் எழுதி முடித்தவர்கள் நாங்கள். உங்கள் வண்டியைக் கொண்டுவருவதும் கொண்டுவராததும் உங்கள் தைரியத்தைப் பொறுத்தது.